உயிரிலிருந்து எடுத்தல்

அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆட்கள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, மேலே எண் எழுதிவிட்டார்கள். குறை சொல்லவில்லை, அது அவர்கள் வேலை. ஆனால் பதினான்காம் பாடம் எனக்குப் பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்கிற பாடம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, வேறு எதிலும் புத்தி போகாது.

எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் மேடம், எழுதுகிறேன். காகிதம் போதாவிட்டால் கேட்கலாம் என்றீர்கள். அதற்கும் நன்றி.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. பத்தொன்பது வருஷம் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வரைகிற வேலை. பெட்டியின் பக்கவாட்டில் குடை, உடையும் கிண்ணம், மேலே பார்க்கும் அம்பு என்று குறிகள் இருக்குமே, எங்கள் பெட்டிகளில் அவை எல்லாம் என் கை. போன வருஷம் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அம்பு வரைய ஒரு ஆள் எதற்கு என்று கேட்டார் மேனேஜர். நியாயமான கேள்விதான். சிரித்துக்கொண்டே கேட்டிருக்க வேண்டாம்.

அதன் பிறகு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். மாமா போய்ப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை கிடையாது. பேக்கரியில் காலை ஷிப்ட், கேக்கின் மேல் கிரீமில் பூப் போடும் வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவாள். அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது.

"டேய் பல்பம், உனக்குன்னே போட்ட மாதிரி ஒண்ணு மாட்டிச்சு" என்று மேஜையில் வைத்தாள்.

சின்ன வயதில் நான் சிலேட்டுக்கு வைத்திருந்த பல்பத்தை எல்லாம் தின்றுவிடுவேனாம். அதனால் அந்தப் பெயர். தலையில் பாதி நரைத்த பிறகும் மாடியிலிருந்து தெருவைப் பார்த்து அப்படித்தான் கூப்பிடுவாள். நான் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

கணினியில் இருபரிமாண அனிமேஷன், தொழில்முறைப் பயிற்சி, முப்பது பாடங்கள். வேறு மொழியிலிருந்து பெயர்த்தது. பெயர்த்தவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவரையும் நீங்கள் ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்கலாம். ஒரு பந்து தரையில் மோதும்போது அமுங்கும், எழும்போது நீளும். மூலத்தில் அதற்கு ஸ்குவாஷ் என்று இருந்திருக்கிறது; அமுக்குவதற்கும் அந்தச் சொல்தான், பூசணிக்காய்க்கும் அந்தச் சொல்தான். இவர் அகராதியைப் பார்த்துவிட்டு 'பூசணிக்காயும் நீட்டலும்' என்று எழுதிவிட்டார். ஒரு வாரம் முழுக்க நான் பந்தை விட்டுவிட்டுப் பூசணிக்காயைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவின் முக்கியமான படங்களுக்கு 'சாவிப் படங்கள்' என்று பெயர் வைத்திருந்தார். எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் நாற்பது பக்கம் முன்னும் பின்னும் தேடினேன். புரிந்த நாளில் சந்தோஷம் வரவில்லை. யாரோ என் வாழ்க்கையில் மூன்று வாரத்தைப் பிடுங்கிக்கொண்டது போல ஆத்திரம்தான் வந்தது.

அக்காவுக்கு இது எல்லாம் வேடிக்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என்னடா, பூசணிக்கா எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சுது. விழும்போது கனம் தெரியலை."

"கடையில வாங்கினா கனம் தெரியும். வாங்கிட்டு வரட்டுமா?"

இந்த இடத்தில் உங்கள் சந்தேகம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். பதினோராம் பாடத்தின் தலைப்பை நான் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருப்பதைக் காட்டி இது என்ன என்று கேட்டீர்கள். 'உயிரிலிருந்து எடுத்தல்.' நீங்கள் நினைப்பது இல்லை அது. உயிருள்ள ஆளை எதிரில் வைத்துப் பார்த்து வரைவது என்று அர்த்தம். வரைவதற்கும் உருவி எடுப்பதற்கும் அந்த மொழியில் ஒரே சொல் போலிருக்கிறது, நம்மவர் தவறான பக்கம் திரும்பிவிட்டார். சொல் தப்பு என்று காட்டத்தான் கோடு போட்டேன். தப்பைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

ஒன்பது மாதத்தில் பதின்மூன்று பாடம் முடித்தேன். நடை வந்தது, ஓட்டம் வந்தது, துணி காற்றில் ஆடுவது வந்தது. அப்போதுதான் ஒரு ஸ்டுடியோ பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். என் வயதில் உள்ளவர்கள் விண்ணப்பிக்க அதுதான் கடைசி வருஷம். மூன்று முறை அனுப்பலாம், மூன்றாவதும் தேறாவிட்டால் கதவு மூடிவிடும். தேர்வுக்குக் கொடுத்த காட்சி இதுதான்: ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருக்கிறார். பத்து நொடி. எதுவும் நடக்கக் கூடாது.

சுலபம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நொடிக்குப் பன்னிரண்டு படம், மொத்தம் நூற்றிருபது. ஒரு கிழவியை வரைந்து நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு முறை கண் சிமிட்டவைத்து அனுப்பினேன். நான்கு நாளில் பதில் வந்தது. ஒரே வரி. 'உட்கார்ந்ததும் செத்துவிடுகிறாள்.'

தொழிலில் அதற்குச் செத்த படம் என்றே பெயர். உருவம் நிற்கிற இடத்தில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்க்கிறவர் கண் உடனே கண்டுபிடித்துவிடும். சும்மா இருக்கிற மனிதரிடமும் தோள் ஒரு நூல் அளவு ஏறி இறங்கும், இமை கனக்கும், தாடை தளரும். அந்த ஒரு நூலை வரைவதுதான் பதினான்காம் பாடம். எனக்கு அது வரவில்லை. தோளை ஏற்றினால் மூச்சு முட்டுகிறவள் மாதிரி இருந்தது. ஏற்றாவிட்டால் பொம்மை. மூன்று வாரம் அதே தோள். டேப்லெட்டில் வரைகிற பேனாவைத் தூக்கிச் சுவரில் எறிய வேண்டும் போல இருக்கும். எறியவில்லை. எடுத்துத் துடைத்து உறையில் வைத்துவிடுவேன்.

அதனால் ஆளைப் பார்த்து வரைவது என்று முடிவு செய்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்தேன், வரைகிறவன் சும்மா இருக்க முடியாது. பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன், எல்லாரும் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நன்றாகக் காத்திருந்தார். பத்தாவது படத்தில் "என்னய்யா, முகத்துல என்ன படமா ஓடுது?" என்று எழுந்து வந்துவிட்டார். மிச்சம் இருந்தது அக்கா.

ஜன்னல் பக்கம் ஒரு கைப்பிடி நாற்காலி இருக்கிறதே, அதில் உட்காரவைத்தேன்.

"அசையாம இரு அக்கா. பத்து நிமிஷம்."

"இருக்கேனே."

"கை ஆடுது."

"பேசினா கை ஆடும்டா. கையைக் கட்டிப்போட்டா எனக்கு வாயே வராது."

"பேசாதே."

"பேசாம உக்காரணும்னா மாமாவைத்தான் கூப்பிடணும், அவர் சுவத்துல மாட்டியிருக்கார்." இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, எழுந்துவிட்டாள். "ஏண்டா இப்படி என் உயிரை எடுக்கிறே? அடுப்புல பால் இருக்கு."

எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான் அது. இதையும் வேறு மாதிரி குறித்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு நாள் முயன்றேன். ஒரு நாள் தும்மினாள், ஒரு நாள் சிரித்தாள், ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா வந்துவிட்டார். அக்காவைப் போல ஒரு அசைவு பிடித்த மனுஷியை நான் பார்த்ததே இல்லை. நல்ல சுபாவம்தான். ஆனால் எனக்கு வேண்டியது அதுவல்ல, அதைப் புரிந்துகொள்ள அவள் முயற்சியே செய்யவில்லை. இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

வேலை போன பிறகு எனக்குத் தூக்கம் இல்லை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல மாத்திரை. அதில் அரையைப் பொடித்து அக்காவின் மூன்று மணி டீயில் கலந்தேன். அரைதான். எனக்கே ராத்திரிக்கு ஒன்று எழுதியிருந்தார்.

அன்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கை மடியில் இருந்தது. கண் பாதி திறந்து ஜன்னலைப் பார்த்தது. தூங்கவும் இல்லை, எதையும் செய்யவும் இல்லை. யாரோ வரப்போகிறார்கள், வரட்டும் என்கிற மாதிரி ஒரு முகம். தோள் ஏறி, ஒரு கணம் தங்கி, இறங்கியது. புத்தகம் முப்பது பக்கத்தில் சொல்ல முடியாததை அக்கா ஒரு மூச்சில் காட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாலையில் அவளுக்குப் பிடித்த மாதிரி வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன், பாத்திரமும் கழுவினேன்.

பதினெட்டு மதியங்கள் அப்படி வரைந்தேன். போகப் போக அரை போதவில்லை, முழுதாக ஆக்கினேன். இரண்டாவது முறை அனுப்பியதற்கு நீளமான பதில் வந்தது. முதல் ஆறு நொடியில் உயிர் இருக்கிறது, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கடைசி நான்கு நொடி பழையபடி சாகிறது. மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் இறுதியாக ஒருமுறை அனுப்பலாம்.

இதற்கு நடுவில் அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சரியில்லை என்று அவள் நினைத்தாள் என்பதுதான் சரி. ஒரு நாள் சூடான தட்டைத் துணி இல்லாமல் பிடித்து உள்ளங்கை வெந்துவிட்டது.

"கையில கிரீம் பை இருக்கிறதே மறந்துபோகுதுடா" என்றாள். "பூ போட ஆரம்பிக்கிறேன், பாதியில பார்த்தா சும்மா நின்னுக்கிட்டு இருக்கேன். எல்லாரும் பார்க்கிறாங்க."

பேக்கரியில் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா அன்று அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அதில் மூன்று மதியம் வீணாகப் போனது. ரத்தத்தில் சர்க்கரை இல்லை, சோகை இல்லை.

"வேற ஏதாச்சும் மாத்திரை எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன். அக்கா எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ அந்தக் கிழவியை விட்டுடாதே. நாற்காலியிலேயே உக்காந்திருப்பா, பாவம்" என்றாள். கிண்டல் கலந்துதான் சொன்னாள். நான் அதைப் பெரியதாக எடுத்துக்கொண்டேன். அவள் ஆசையும் அதுதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இதை எழுதும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரிகிறது மேடம். ஆனால் சொன்னது அவள்.

கடைசி நாள் வியாழக்கிழமை. காலையில் அக்கா அலமாரியைத் திறந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சித்தி வீட்டுக்குக் கிளம்புறேன். பத்து நாள் அங்க இருந்தா சரியாயிடும். நீயும் தொந்தரவு இல்லாம வரையலாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு நொடி பாக்கி. நாற்பத்தெட்டு படம். ஐந்து மணிக்குக் கதவு மூடுகிறது. சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்பதை முந்தின வாரமே சொல்லியிருக்கலாம். யாருமே எனக்கு எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, தொழிற்சாலையிலும் அப்படித்தான். அந்த எரிச்சலில் மிச்சம் இருந்த மாத்திரை எல்லாவற்றையும் பொடித்து மூன்று மணி டீயில் கலந்துவிட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணவில்லை என்பதை நீங்கள் நம்பவில்லை. நான் எண்ணிப் பழகியது படங்களை மட்டும்தான்.

"டீ ஏண்டா கசக்குது?"

"டிகாஷன் கூடிப்போச்சு."

"உனக்குக் கல்யாணம் ஆகாததுல ஒருத்தி தப்பிச்சா" என்றபடி குடித்து முடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் போனை எதிர் அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டேன். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கும்போது மணி மூன்றே முக்கால். ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம் என்று கணக்கு.

ஆறாவது படத்தில் அக்கா பேசினாள். வீடியோவில் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

"பல்பம், என்னமோ பண்ணுதுடா. டாக்டருக்குப் போன் போடு."

"இதோ அக்கா. ஒரு நிமிஷம்" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் நீங்கள் மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். என் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் கோணம் போய்விடும், பிறகு அதே இடத்தில் வைக்க முடியாது. அக்காவின் போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. எட்டடி இருக்கும் என்றேன், நீங்கள் அளந்து பார்த்து ஒன்பது என்றீர்கள். ஒன்பதுதான் சரி. எழுந்து போயிருக்கலாம். ஆனால் வரையும்போது கண்ணின் இடத்தை மாற்றக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது, அந்த ஒரு வரியை மட்டும் அந்த மொழிபெயர்ப்பாளர் தவறே இல்லாமல் எழுதியிருந்தார்.

ஒன்பதாவது படத்தில் கையை நாற்காலியின் பிடியில் ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. அந்த முயற்சியை நான் வரையவில்லை, காட்சியில் எதுவும் நடக்கக் கூடாது. பிறகு அமைதியாகிவிட்டாள். அதற்கப்புறம் வந்தது மாதிரி ஒரு காத்திருத்தலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருப்பேன் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஸ்டுடியோ கேட்டதும் அதுதானே, யாருக்காகவோ காத்திருக்கும் ஒருவர். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அந்த இடைவெளிகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே வரைந்தேன். என் கை அன்று ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை.

முதல் அரைமணிக்குள் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அரைமணி என்றால் முப்பதாவது படம். சரியாகத்தான் இருக்கும். முப்பதில் தோள் ஏறி இறங்கியது. முப்பத்தொன்றுக்குப் பேனாவை வைத்துக்கொண்டு பார்த்தேன், ஏறவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். "அக்கா" என்று ஒருமுறை கூப்பிட்டேன், அதுவும் வீடியோவில் இருக்கும். பிறகு குனிந்து முப்பத்தொன்றை வரைந்தேன். முப்பத்திரண்டையும் வரைந்தேன். நாற்பத்தெட்டு வரை எதிரில் இருந்ததைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தேன். ஒரே படத்தை நகல் எடுத்து ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்கிறவன் நான் இல்லை.

நாலு ஐம்பதுக்கு அனுப்பினேன். ஐந்தேகாலுக்குப் பக்கத்து வீட்டம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மிச்சத்தை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.

நேற்று நீங்கள் என் மெயிலைத் திறந்து, வந்திருந்த பதிலைக் காட்டினீர்கள். காட்டியிருக்கவே வேண்டாம், ஆனால் காட்டியது நல்லதுதான். 'எட்டரை நொடி வரை இவ்வளவு உயிரோடு ஒரு காத்திருத்தலை நாங்கள் பார்த்ததில்லை. கடைசி ஒன்றரை நொடியில் அதே பழைய தவறு. வருந்துகிறோம்.' அதைப் படித்துவிட்டு நான் அழுததை நீங்கள் அக்காவுக்காக என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தீர்கள்.

குறித்துக்கொள்ளுங்கள் மேடம். மாத்திரை போட்டது நான். போன் செய்யாதது நான். தோள் நின்றதைப் பார்த்த பிறகும் குனிந்து வரைந்தது நான். இவை எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்கு எழுதுங்கள். அந்த ஒன்றரை நொடி என் தவறு என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அசையாமல் போனது அக்கா. என் கை கடைசிப் படம் வரை அசைந்துகொண்டுதான் இருந்தது.